நாலு சுவருக்குள் ஒரு சேவையகம், அதற்கொரு பெயர்

மட்டக்களப்பு கோட்டைமுனைப் பக்கத்தில் இருக்கும் ஒரு நில அளவையாளர் அலுவலகத்தின் கணினிகளைச் சில ஆண்டுகளாக நான்தான் பார்த்து வருகிறேன். எட்டுப் பேர், ஏழு கணினிகள், ஒரு பெரிய ஸ்கேனர், படம் அச்சிடும் அகலமான பிரின்டர் ஒன்று, முப்பது ஆண்டுக் காணிப் படங்கள். அந்தப் படங்களையெல்லாம் இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பிடம் ஒன்றில் ஏற்றி வைத்தவனும் நானே. சென்ற மாரியில் பைபர் இணைப்பு இரண்டு நாட்கள் தொடர்ந்து அறுந்து கிடந்தபோது, தன் காணிப் படத்தின் பிரதி கேட்டு வாகரையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அன்று மாலை அலுவலக உரிமையாளர் என்னை அழைத்து, கோபமில்லாத குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்: "நெட் இல்லாட்டி என்ட படத்த நானே பாக்க ஏலாதா மனே?"

"ஏலாது சேர்" என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ1 அளவுத் தாளிலுள்ள ஒரு பழைய படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கறுப்பு வெள்ளைச் சாயலில் ஸ்கேன் செய்தால், சுருக்காத நிலையில் அது ஏறத்தாழ 70 மெகாபைட் வரும். வண்ணத்தில் எடுத்தால் மூன்று மடங்கு. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் வெளியே ஏற்றும் இணைப்பில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஏறிமுடிய ஒரு நிமிடத்தை அண்மிக்கும். அதே படம், அலுவலகத்துக்குள்ளேயே ஒரு ஜிகாபிட் சுவிட்ச் வழியாக அடுத்த மேசைக்குப் போவதற்கு ஒரு விநாடி போதும். பத்தடி தூரத்திலிருக்கும் இருவர் ஒரு படத்தைக் கைமாற்றிக்கொள்ள அது கடல் கடந்து போய்த் திரும்பி வரவேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்து வைத்தவன் என்ற வகையில், அதைக் கலைக்க வேண்டிய பொறுப்பும் எனக்கே இருந்தது.

இந்த அலுவலகத்தின் கோப்புகளைத் தேடி வெளியிலிருந்து எவரும் வரப்போவதில்லை. ஆகவே எல்லாருக்கும் கோப்புகளை வழங்கும் ஒரு கணினி, அதாவது சேவையகம், உள்ளேயே இருந்தால் போதும், அதற்கு இணையத்தில் பதிவுசெய்யும் ஆள்களப் பெயர் எதுவும் வாங்கத் தேவையில்லை, பெயரைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை என்று தொடங்கினேன். முதல் இரண்டும் சரியாகவே அமைந்தன. மூன்றாவதில்தான் மூன்று கிழமை போயிற்று.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேறோர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக் கணினி ஒன்று, 16 ஜிபி நினைவகம், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் வகையில் இணைத்த இரண்டு வன்தட்டுகள், டெபியன் இயங்குதளம். கோப்புப் பகிர்வுக்குச் சம்பா என்ற மென்பொருள்; அந்தப் பெயரைச் சொன்னதும் அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள், இங்கே சம்பா என்றால் சோற்றுக்குரியது. படங்களின் பதிவேட்டைத் தேடிப் பார்க்க உலாவியில் திறக்கும் சிறிய செயலி ஒன்றையும் அதிலேயே நிறுவினேன். பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேல்மாடி அறையின் சுவர்த் தட்டில் வைத்ததற்குக் காரணம் மட்டக்களப்பில் மாரி கண்ட எவருக்கும் விளங்கும். வாவியும் கடலும் இருபுறமும் இருக்கும் ஊரில் உப்புக் காற்று உலோகத்தைத் தின்னும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து தூசி தட்டி முனைகளைப் பார்ப்பதாகவும் ஒப்புக்கொண்டேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்ட காலத்தை மறக்காதவர்கள் என்பதால், யூபிஎஸ் வாங்க அவர்களை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. மின்கலம் இறங்கத் தொடங்கியதும் சேவையகம் தானாகவே முறையாக அணைந்துவிடும்படி மட்டும் ஒழுங்கு செய்தேன். அந்த ஒழுங்கில்லாத யூபிஎஸ், இருட்டைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுவதோடு சரி.

முதல் சறுக்கல் முகவரியில் வந்தது. அலுவலகங்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் எவரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்று 1996 ஆம் ஆண்டிலேயே, கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் எண்களான ஐபி முகவரிகளில் மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன: 10 இல் தொடங்குபவை அனைத்தும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 இல் தொடங்குபவை. இவை பொது இணையத்தில் வழிப்படுத்தப்படுவதில்லை; ஆகவே உலகம் முழுவதும் கோடிக்கணக்கான அலுவலகங்கள் ஒரே எண்ணைத் தமக்குள் வைத்திருந்தாலும் மோதல் வராது. சேவை நிறுவனம் தந்த ரவுட்டர் 192.168.1 தொகுதியில் முகவரிகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. நான் சேவையகத்துக்கு நிலையான முகவரி ஒன்றை எழுதினேனே தவிர, அந்த எண்ணைப் பங்கீட்டுப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்க மறந்துவிட்டேன். ஒரு மின்வெட்டுக்குப் பிறகு பிரின்டர் முந்திக்கொண்டு எழுந்தது. ரவுட்டர் அதே எண்ணை அதற்குக் கொடுத்துவிட்டது. அன்று காலை பதிவேட்டைத் திறந்தவர்களின் திரையில் பிரின்டரின் மை அளவு காட்டும் பக்கம் வந்து நின்றது. தொலைபேசியில் இதை எனக்கு விவரித்த பெண்பிள்ளை, "அண்ணன், காணிப் பதிவுக்குள்ள மை முடிஞ்சிட்டாம்" என்றார்.

அந்தப் பிழையைத் திருத்தும்போதே தொகுதியையும் மாற்றி, 10 இல் தொடங்கும் எண்களில் வழக்கத்தில் அதிகம் காணப்படாத ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். காரணம், 192.168.1 என்பது பல வீட்டு ரவுட்டர்கள் பிறக்கும்போதே கொண்டுவரும் எண். நாளை எவராவது வீட்டிலிருந்து பாதுகாப்பான சுரங்க இணைப்பு மூலம் அலுவலகத்துக்குள் வர விரும்பினால், இரு பக்கமும் ஒரே எண்ணாக இருப்பது அன்றைக்குத் தலைவலியாகும். கல்முனையில் ஒரு கிளை தொடங்கும் எண்ணமும் உரிமையாளருக்கு இருந்ததால், அதற்கென்று பக்கத்துத் துண்டு ஒன்றையும் இப்போதே குறித்து வைத்தேன்.

எண் சரியாகிவிட்டது; பிறகு ஏன் பெயர்? எட்டுப் பேருக்கும் எண்ணைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதாதா? ஒரு கிழமைக்கு அப்படித்தான் ஓடியது. ஆனால், நான் தொகுதியை மாற்றிய அன்றே ஏழு கணினிகளிலும் இருந்த குறுக்குவழிகளும், படக் கோப்புகளுக்குள் ஒன்றையொன்று சுட்டும் இணைப்புகளும் ஒருசேர அறுந்தன. முகவரி என்பது இயந்திரம் இருக்கும் இடத்தைச் சொல்வது, அது மாறும். பெயர் மாறாமல் இருந்தால், மாறியதை ஒரேயோர் இடத்தில் திருத்தினால் போதும். ஆகவே பெயர் வேண்டும் என்பது உறுதியாயிற்று. எந்தப் பெயர் என்ற கேள்வி, நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தது.

கைக்கு முதலில் வந்தது '.லோக்கல்' என்ற ஈறு, அதாவது பெயரின் கடைசித் துண்டு. ஒரு காலத்தில் சிறு அலுவலகங்களுக்கான மைக்ரோசொப்ட் சேவையகங்களே அதைத்தான் முன்வைத்தன. அதனால் பழைய கையேடுகள் பலவற்றிலும் அதுவே கிடக்கிறது. ஆனால் 2013 இல் வந்த தரக்குறிப்பு அந்த ஈற்றை வேறொரு வேலைக்கு ஒதுக்கிவிட்டது. பிரின்டர்களும் தொலைக்காட்சிகளும் மைய சேவையகம் எதுவுமின்றித் தம் பெயரை வலையமைப்பு முழுவதும் கூவிச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அந்தக் கூவலுக்கு உரிய ஈறு அது. ஆகவே '.லோக்கல்' என்று முடியும் பெயரைக் கேட்டால், சில இயங்குதளங்கள், பெயருக்குரிய எண்ணைச் சொல்வதற்கென்று நாம் அமைத்த டிஎன்எஸ் சேவையகத்தை நாடாமல் அக்கம்பக்கத்து இயந்திரங்களை நோக்கிக் கூவிப் பார்க்கின்றன. பதில் வராமல் சில விநாடி காத்திருக்கின்றன. சில வேளை கைவிட்டும் விடுகின்றன. விண்டோஸ் கணினியில் திறப்பது மேக் கணினியில் திறக்கவில்லை என்ற மர்மத்தை முன்னர் ஓர் அலுவலகத்தில் நான் இரண்டு நாள் துரத்தியது இதனால்தான் என்பதை இப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

சரி, எவரும் பயன்படுத்தாத ஒரு சொல்லை நாமே ஈறாக வைத்துக்கொண்டால் என்ன? இந்த எண்ணம் எல்லாருக்கும் வருவதுதான். இன்று எவருடையதும் இல்லாத சொல் நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதே இதிலுள்ள கேடு. '.டெவ்' என்ற ஈற்றை எத்தனையோ நிரலாளர்கள் தம் கணினிக்குள் சோதனைப் பெயராக வைத்திருந்தார்கள். பிறகு அது கூகுளின் கைக்குப் போய் உண்மையான ஈறாகிவிட்டது. 2017 டிசம்பரில் வந்த குரோம் பதிப்பு, அந்த ஈற்றில் முடியும் எதையும், இடையில் எவரும் வாசிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த இணைப்பிலேயே திறப்பேன் என்று அடம்பிடித்தபோது அவர்களுடைய சோதனைத் தளங்கள் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிட்டன. '.கோர்ப்', '.ஹோம்', '.மெயில்' என்ற மூன்றையும் அலுவலகங்கள் உள்ளுக்குள் அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டதால், அவற்றை எவருக்கும் விற்பதில்லை என்று இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2018 இல் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. 'கோர்ப் டொட் கொம்' என்ற பெயரின் கதை இன்னும் விநோதமானது. நிறுவனங்களுக்குள் மட்டும் வாழ வேண்டிய 'கோர்ப்' என்ற சொல்லைத் தேடி அலைந்த விண்டோஸ் கணினிகள், வெளியே கொண்டு செல்லப்பட்டபோது அந்த உண்மையான தளத்தின் கதவைத் தட்டின. கடவுச்சொற்கள் உள்ளிட்ட விபரங்கள் அந்நியர் கையில் சேரக்கூடிய நிலை இருந்ததால், 2020 இல் மைக்ரோசொப்ட்டே அந்தப் பெயரை விலை கொடுத்து வாங்கியது.

இவற்றையெல்லாம் வாசித்த பிறகு, சொந்தமாகச் சொல் புனையும் ஆசை எனக்கு விட்டுப்போயிற்று.

உண்மையான ஆள்களப் பெயர் ஒன்றை வாங்கி, அதை வெளியே எங்கும் சுட்டாமல் உள்ளே மட்டும் பயன்படுத்துவது அறிந்தவர்கள் பலர் சிபாரிசு செய்யும் வழி. அதில் நன்மை உண்டு என்பதை மறுக்க மாட்டேன்: பெயர் உலகத்தில் ஒருவருக்கே உரியதாகிறது, லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற நிறுவனத்திடம், டிஎன்எஸ் பதிவேட்டில் ஒரு வரியை எழுதிக் காட்டியே, இந்தப் பெயர் இந்தச் சேவையகத்துக்கே உரியது என்று உலாவிக்கு உறுதிசொல்லும் சான்றிதழை இலவசமாகப் பெறலாம், அதற்காகச் சேவையகத்தின் கதவு எதையும் இணையத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. நமது நாட்டுக்கு '.எல்கே' போக, 2010 முதல் '.இலங்கை' என்ற தமிழ் ஈறும் இருப்பதால், முழுப் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம் என்ற சபலமும் எனக்கு வந்தது. ஆயினும் இரண்டு காரணங்களால் இந்த அலுவலகத்துக்கு அது வேண்டாம் என்று விட்டேன். பொதுச் சான்றிதழ் ஒவ்வொன்றும் எவரும் பார்க்கக்கூடிய பகிரங்கப் பதிவேடுகளில் இடம்பெறும். உள்ளே என்னென்ன சேவைகள் ஓடுகின்றன என்பதைப் பெயர்களே வெளியே சொல்லிவிடும். அது சிறிய காரணம். பெரிய காரணம், ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும் என்பது. முன்பு ஓர் அலுவலகத்தில், பெயரைப் பதிவுசெய்தவர் வேலையை விட்டுப் போய்விட, நினைவூட்டல் மடல்களெல்லாம் அவருடைய பழைய பெட்டியில் குவிந்துகொண்டிருக்க, பெயர் காலாவதியாகி உள்ளிருந்த சேவைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். வெளியே யாருக்கும் தேவைப்படாத பெயருக்கு வெளியே ஒரு தவணை இருக்கக்கூடாது என்பது அன்றிலிருந்து என் நிலைப்பாடு. மாறுபடுபவர்கள் இருக்கலாம்; கட்டணத்தைக் கட்ட மறக்காத ஊழியர் ஒருவர் நிலையாக இருக்கும் அலுவலகத்துக்கு நானும் வேறு ஆலோசனை சொல்லக்கூடும்.

எஞ்சியது, இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 'ஹோம்.ஆர்ப்பா' என்பது 2018 இல் வீட்டு வலையமைப்புகளுக்காக ஒதுக்கப்பட்டது. பயன்படுத்தலாம், ஆனால் அலுவலகத்தில் வாய்க்கு வராது. '.டெஸ்ட்' 1999 முதலே சோதனைக்கு மட்டும். '.இன்டர்னல்' என்பதை ஐகான் சபை 2024 ஜூலையில் தனியார் உட்பயன்பாட்டுக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவைத்தது; அதை இனி எவருக்கும் விற்க மாட்டார்கள். நாங்கள் அதையே எடுத்தோம். அலுவலகத்தின் பெயர்ச்சுருக்கத்தை நடுவில் வைத்து, கோப்புகளுக்கு 'படம்', பதிவேட்டுக்கு 'பதிவு', பிரின்டருக்கு 'அச்சு' என்று முன்னால் சேர்த்தோம். நடுவில் அலுவலகச் சுருக்கத்தை வைத்ததற்குக் காரணம், வேறோர் அலுவலகமும் இதே ஈற்றை எடுத்து, ஒரு நாள் இரண்டையும் இணைக்க நேர்ந்தால் 'பதிவு' இரண்டு ஆகிவிடும் என்பதே. அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே ஒரு நாள் அமைத்துப் பார்த்தேன்; டிஎன்எஸ் உள்ளூர அதைக் குறியீடாக மாற்றிக்கொண்டு ஒழுங்காகவே வேலை செய்தது. ஆனால் வரைபட மென்பொருளில் நாள் முழுக்க ஆங்கில விசைப்பலகையில் கை வைத்திருப்பவர்கள், முகவரிக்காக மட்டும் விசைப்பலகையை மாற்றுவது தொல்லை என்றார்கள். ஆகவே தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் நிற்கின்றன. எனக்கு அதில் சிறு மனக்குறைதான்.

பெயரை யாராவது கேட்டால் எண்ணைச் சொல்லும் வேலையை டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய மென்பொருளிடம் கொடுத்தேன். அதற்கு முகவரி பங்கிடவும் தெரியும் என்பதால், ரவுட்டரின் பங்கீட்டை அணைத்துவிட்டு இரண்டையும் அதனிடமே விட்டேன். சேவை நிறுவனத்தின் ரவுட்டர், எந்த டிஎன்எஸ்ஸை அறிவிப்பது என்பதை மாற்ற விடாமல் பூட்டியிருந்ததால் வேறு வழியும் இருக்கவில்லை. ஒவ்வொரு கணினியிலும் பெயருக்கு எண்ணைக் குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி முடித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கைத்தொலைபேசியில் அது முடியாது, எட்டாவது கணினி வாங்கும் நாளில் அது யாருக்கும் நினைவிருக்காது.

இங்கே நான் செய்த பிழையைப் பலரும் செய்வதால் சற்று விரித்துச் சொல்கிறேன். சேவையகம் படுத்தால் இணையமும் போய்விடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில், இரண்டாவது டிஎன்எஸ் ஆகக் கூகுளின் 8.8.8.8 என்ற பொது முகவரியைக் கொடுத்துவைத்தேன். முதலாவது இறந்தால்தான் இரண்டாவதைக் கேட்பார்கள் என்பது என் கற்பனை. உண்மையில், முதலாவது பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தாலும் கணினி மற்றதைக் கேட்கலாம். சில இயங்குதளங்கள் இரண்டையும் சமமாகவே நடத்துகின்றன. '.இன்டர்னல்' பெயரைக் கேட்டால் கூகுள் "அப்படியொரு பெயரே இல்லை" என்று அடித்துச் சொல்லும். அது பிழைச் செய்தி அல்ல, முடிவான பதில் என்பதால் கணினி அதை நம்பி, சிறிது நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். விளைவு, 'பதிவு' சில கணினிகளில் சில நிமிடம் காணாமற்போய்த் தானாகவே திரும்பி வந்தது. இப்படி வந்து வந்து மறையும் குற்றத்தைவிட ஒரேயடியாகச் செத்துப்போகும் குற்றம் எவ்வளவோ மேல். முடிவில், உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை ஒன்றை இரண்டாவது டிஎன்எஸ் ஆக்கினேன். அதற்கும் அதே பெயர்ப் பட்டியல் தெரியும்; வெளிப் பெயர்களை இரண்டுமே வெளியில் கேட்டுச் சொல்லும்.

உலாவிகளும் தொலைபேசிகளும் தம் பங்குக்குக் குறுக்கே வரும். டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கம் செய்து நேரே வெளியிலுள்ள நிறுவனம் ஒன்றிடம் கேட்கும் அமைப்பு உலாவியில் இயங்கியிருந்தால், நம்முடைய பெயர் அதற்குத் தெரியாது. அன்ட்ரொயிட் தொலைபேசியில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்ற இடத்தில் எவராவது வெளிப் பெயரொன்றை எழுதியிருந்தாலும் அதே கதை. அதைவிட, பைபர் அறுந்த வேளையில் "இந்த வைபையில் இணையம் இல்லை" என்று தொலைபேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். இணையம் இல்லாத நேரத்துக்கென்றே கட்டிய சேவையகம், அந்த நேரம் பார்த்துத் தொலைபேசிக்கு எட்டாமற்போகும். வைபையிலேயே நிற்கும்படி ஒவ்வொரு தொலைபேசியிலும் ஒருமுறை சொல்லிவைக்க வேண்டியிருந்தது. முகவரிப் பட்டியில் பெயரை மட்டும் தட்டினால் உலாவி அதைத் தேடற்சொல் என்று நினைத்துக் கூகுளில் போடுவதும் உண்டு. பின்னால் ஒரு சாய்கோடு இட்டால் அடங்கும். எட்டுப் பேருக்கும் சாய்கோட்டைப் போதிப்பதைவிட மேசைத்திரையில் குறுக்குவழி வைப்பது சுலபமாயிருந்தது.

சான்றிதழ் விடயத்தில், "உள்ளேதானே, பூட்டுச் சின்னம் எதற்கு" என்று உரிமையாளர் கேட்டார். கடவுச்சொற்கள் வைபை வழியே போகின்றன, அந்த வைபையின் கடவுச்சொல் வாடிக்கையாளர் பலருக்கும் தெரியும் என்பது என் பதில். மறையாக்கம் இல்லாத பக்கத்தில் கமெராவைத் திறக்க உலாவி மறுக்கும் என்பதும் உண்டு. களத்திலிருந்து வருபவர்கள் எல்லைக் கல்லின் படத்தைப் பதிவேட்டிலிருந்தபடியே எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் உட்பெயர்களுக்குப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் 2015 நவம்பர் முதல் சான்றிதழ் வழங்குவதில்லை. நியாயந்தான், எல்லாருக்கும் பொதுவான ஒரு பெயர் யாருடையது என்று எப்படிச் சான்று சொல்வது? ஆகவே நாமே ஒரு மூலச் சான்றிதழைப் படைத்து, அதை ஏழு கணினிகளிலும் நம்பிக்கைக்குரியதாகப் பதித்து, அதைக் கொண்டு சேவையகத்தின் சான்றிதழுக்குக் கையொப்பமிட வேண்டும்.

இதை எழுதும் பலர், சான்றிதழ் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் கட்டளைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதன் பொறுப்புத்தான் பெரிதாகப் பட்டது. மூலச் சான்றிதழின் பெயரில் கையொப்பமிடும் இரகசியத் திறவுகோல் களவு போனால், அதை வைத்திருப்பவன் இந்த ஏழு கணினிகளையும் நோக்கி எந்த வங்கியின் பெயரிலும் சான்றிதழ் செய்து காட்டலாம், கணினிகள் நம்பிவிடும். ஆகவே மூலச் சான்றிதழுக்குள்ளேயே, எங்கள் '.இன்டர்னல்' பெயருக்குக் கீழுள்ளவற்றுக்கு மட்டுமே இது செல்லும் என்று வரம்பு எழுதினேன். திறவுகோலைச் சேவையகத்தில் வைக்காமல், கடவுச்சொல்லிட்டு இரண்டு பென் டிரைவ்களில் ஏற்றி, ஒன்றை காணி உறுதிகள் இருக்கும் இரும்பு அலுமாரியில் வைத்தோம். பெயரைச் சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் பகுதியில் எழுதாவிட்டால் 2017 முதல் குரோம் ஏற்காது. ஆப்பிள் கருவிகள் 825 நாட்களுக்கு மேற்பட்ட ஆயுளுள்ள சேவையகச் சான்றிதழை நிராகரிக்கும். பயர்பொக்ஸ் தனக்கென்று தனி நம்பிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது, அங்கேயும் பதித்தேன். அன்ட்ரொயிட்டில் நாம் பதிக்கும் மூலச் சான்றிதழை குரோம் ஏற்கும், ஆனால் அன்ட்ரொயிட்டின் ஏழாம் பதிப்பு முதல் ஏனைய செயலிகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே தொலைபேசியில் எல்லாம் உலாவி வழியாகவே.

எல்லாம் ஓடத் தொடங்கிப் பத்தாம் நாள், நீண்ட மின்வெட்டு ஒன்றின் பின், வரைபட அறையின் இரண்டு திரைகளிலும் "இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று சிவப்பில் வந்தது. காலாவதியாகிவிட்டது என்றால் விளங்கும். இன்னும் பிறக்கவில்லை என்றால்? ஒரு வாடிக்கையாளரின் எல்லைத் தகராற்றுக்குப் படம் தேவைப்பட்ட நாள் அது. சேவையகமான பழைய மேசைக் கணினியின் தாய்ப்பலகையில், மின்சாரம் இல்லாதபோதும் மணிக்கூட்டை ஓட்டும் காசு வடிவ மின்கலம் இறந்திருந்தது. நாங்கள் வைத்த ராஸ்பெரி பையில் தனக்கென்று மணிக்கூடே கிடையாது. வரைபட அறையிலிருந்த இரண்டு பழைய கணினிகளும் அதே வயதுடையவை, அவற்றின் மின்கலங்களும் இறந்திருந்தன. இணையம் இருந்தால் எல்லாம் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கும். மின்சாரம் வந்தும் பைபர் வராத அந்த இரண்டு மணி நேரத்தில் இவை ஒவ்வொன்றும் தன்தன் கடந்த காலத்தில் நின்றது. பக்கத்துக் கடையில் மூன்று மின்கலம் வாங்கிப் போட்டதோடு, இனி எல்லாக் கணினிகளும் நேரத்தைச் சேவையகத்திடம் கேட்கும்படியும், சேவையகம் மட்டும் வெளியே கேட்கும்படியும் மாற்றினேன். உள்ளுக்குள் மட்டும் இயங்கும் வலையமைப்புக்குப் பெயரைப் போலவே நேரமும் உள்ளிருந்தே கிடைக்க வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

வெளியிலிருந்து பார்க்க வழி வேண்டாமா என்று இளையவர்கள் கேட்டார்கள். மொபைல் இணைப்புகளில் பெரும்பாலும் கிடைப்பது பலரும் பங்கிடும் முகவரி. அங்கே கதவு திறக்க நமக்கு உரிமையே இல்லை. பைபரில் நிலையான பொது முகவரி வாங்கி, வயர்கார்ட் என்ற மென்பொருளால் சுரங்க இணைப்பு அமைக்கலாம். கல்முனைக் கிளை வரும் நாளில் அமைப்போம் என்று தள்ளிவைத்தேன். வெளியிலிருந்து எவரும் சேவையகத்தை நேரே எட்டும்படி ரவுட்டரில் துறை (போர்ட்) திறந்து விடச் சொன்னதற்கு மட்டும் மறுத்துவிட்டேன். படுவான்கரைக்குப் போகும் களக் குழு மாலையில் திரும்பி வந்ததும் தரவை இறக்குகிறது. ஒரு நாள் தாமதத்தால் எந்த எல்லைக் கல்லும் நகர்ந்துவிடப் போவதில்லை.

ஆனால் ஒன்று வெளியே போகத்தான் வேண்டும்: பிரதி. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பரில் கல்லடியையும் நாவலடியையும் கடல் கொண்டதையும் கண்ட ஊர் இது. நாலு சுவருக்குள் மட்டும் இருப்பது நாலு சுவரோடு போய்விடும் என்று இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மறையாக்கம் செய்த இரண்டு வெளி வன்தட்டுகள் வாங்கினோம். ஒவ்வொரு வெள்ளியும் ஒன்று செங்கலடியிலுள்ள உரிமையாளரின் மகள் வீட்டுக்குப் போகும், மற்றது திரும்பி வரும். மாதத்துக்கு ஒருமுறை, அதிலிருந்து ஏதாவதொரு பழைய படத்தை எடுத்துத் திறந்து பார்ப்பது என் கணக்கு. இதுவரை எட்டுப் படம் திறந்திருக்கிறேன். ஒன்று திறக்கவில்லை, அது மூலத்திலேயே பழுதாயிருந்தது தெரியவந்து, தாளிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்தோம்.

வேலை முடிந்த அன்று, முகவரித் துண்டு, பெயர்கள், திறவுகோல் இருக்கும் இடம், மின்கலம் மாற்றிய திகதி, சான்றிதழ் காலாவதியாகும் திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் தட்டச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. உரிமையாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு, "நீயும் நானும் இல்லாத நாளைக்கு இத வாசிக்கிற பிள்ளைக்கு விளங்கோணும், தமிழில எழுதித் தா" என்றார். எழுதிக் கொடுத்தேன். இப்போது அது இரும்பு அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. காலாவதித் திகதியின் கீழ் மட்டும் அவர் தன் கையால் சிவப்புப் பேனையில் இரண்டு கோடு இழுத்து வைத்திருக்கிறார்.